சக்கரம் மடங்கும் முன்

வண்டி வைத்திருப்பவர்களே, வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களே, வண்டியைப் பழுது பார்க்கிறவர்களே, ஒரு கேள்வியும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்காருகிறவர்களே, உங்கள் எல்லோரையும் சேர்த்தே கூப்பிடுகிறேன். ஆடி முடிந்துவிட்டது. ஆவணியும் பாதி கழிந்துவிட்டது. ஐப்பசி வந்தால் அடைமழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி நிற்கிறது. போன வருஷமும் அது பாக்கிதான், அதற்கு முந்திய வருஷமும் பாக்கிதான். முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கிற ஸ்டப் ஆக்சிலை நாம் கழற்றிப் பார்க்கவில்லை.

பெயின்ட் மங்கியதா என்று பார்த்தோம். சீட் உறை கிழிந்ததா என்று பார்த்தோம். பாலிஷ் போட்ட பம்பரில் நம் முகத்தையே பார்த்துக்கொண்டோம். பாட்டுப் பெட்டி பாடுகிறதா, ஏசி குளிர்கிறதா, ஹாரன் அலறுகிறதா என்றெல்லாம் பார்த்தோம். பெற்றவளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எந்த எஃகுத் துண்டின் மேல் பயணம் போகிறோமோ, அதை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு சாண் நீளம்கூட இராது அது. சக்கரத்துக்கு உள்பக்கமாக, பிரேக் டிரம்முக்குப் பின்னால், ஒளிந்து கிடக்கும். அதன் மேல் இரண்டு பேரிங்குகள், அவற்றின் மேல் ஹப், ஹப்போடு சேர்ந்து சக்கரம். சக்கரம் சுழலும், இது சுழலாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இது திரும்ப வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் முதல் அடி இதற்கு. வேகத்தடையில் தூக்கிப் போட்டால் அந்த அடியும் இதற்கு. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வு முழுவதையும் இதுதான் ஏந்துகிறது. இத்தனையும் வாங்கிக்கொண்டு ஒரு சத்தம் போடாது. சத்தம் போடாததால்தான் அதற்கு நம் வீட்டில் மதிப்பில்லை.

நம் பாட்டன்மார் இப்படி இருந்தார்களா? மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரத்தையும் கோத்துக்கொண்டு ஒரே இருசு. சந்தைக்குப் புறப்படும் முன் அந்த இருசுக்கு மை போடாமல் எந்தக் குடியானவரும் மாட்டைப் பூட்டமாட்டார். வைக்கோலைச் சுட்ட கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை மூங்கில் குழாயில் வண்டியோடு தொங்கும். கடையாணி இருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். படிப்பறிவு இல்லாதவர், அச்சிட்ட கையேட்டைக் கண்ணால் பார்த்திராதவர், தவறாமல் குனிந்தார். படித்த நாம், கையேட்டை டாஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிற நாம், குனிய மறுக்கிறோம்.

அந்த ஒற்றை இருசு எப்படி ஸ்டப் ஆக்சில் ஆனது? ஐரோப்பாவின் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் இருசு முழுவதும் நடுவில் ஒரு முளையைச் சுற்றித் திரும்பும். ஒடித்துத் திருப்பினால் வண்டி கவிழும். இருசை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் இரு முனைகளிலும் தனித்தனிக் குட்டை அச்சை வைத்து, சக்கரத்தை மட்டும் திருப்பலாம் என்று கண்டவர் ஜெர்மானிய வண்டி கட்டுநர் லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். அந்த ஏற்பாட்டுக்கு ஆக்கர்மன் பெயரே நிலைத்துவிட்டது. (உழைத்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் ஒருவன் என்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது.) இன்று காரில் நாம் திரும்புகிற ஒவ்வொரு தெருமுனையும் அந்தக் குட்டை அச்சின் தயவு.

இனி நம் ஊர்க் காரை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-இல் நம் சென்னையில், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கிய வண்டி. எத்தனையோ டாக்டர்களையும் வக்கீல்களையும் கல்யாணப் பெண்களையும் சுமந்த வண்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். அது பொய்யும் அல்ல. இன்றும் சிலர் பிரியமாக வைத்திருக்கிறார்கள், தேய்த்து மினுக்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். பிரியமானவர்களே, உங்களிடம்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் வண்டியின் பானெட் மற்ற வண்டிகளைப் போலத் திறக்காது. மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்துகொள்ளும். எஞ்சின் மட்டுமா தெரிகிறது? முன்சக்கரம், சுருள் வில், விஷ்போன் என்கிற தாங்கு கை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டு, அதன் அடியில் பித்தளை ட்ரனியன், எல்லாமே இடுப்பு உயரத்தில், பட்டப்பகலில், கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். குழி வெட்ட வேண்டாம். பாருங்கள் என்று வண்டியே திறந்து காட்டுகிறது. அப்படிக் காட்டியும் பார்க்காதவருக்கு என்ன சமாதானம் மிஞ்சும்?

அந்த ட்ரனியனில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டப் ஆக்சில் செங்குத்துத் தண்டில் இறுக்கப்பட்டிருக்கிறது. தண்டின் மேல்முனையில் பந்து மூட்டு. கீழ்முனையில் மரை வெட்டி, அந்த மரையைப் பித்தளை ட்ரனியனுக்குள் திருகி விட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். சுருள் வில் கீழ் விஷ்போனில் உட்கார்ந்து அதைக் கீழே தள்ளுகிறது. சாலை சக்கரத்தை மேலே தள்ளுகிறது. வண்டியின் எடை ஏறக்குறைய 800 கிலோ, ஏறுகிற ஆட்களும் மூட்டைகளும் தனி. அதில் முன்பக்கத்துச் சுமை முழுவதும் இந்த இரண்டு தள்ளுதலுக்கும் நடுவே இடது பக்கம் ஒரு மரையிலும் வலது பக்கம் ஒரு மரையிலும் தொங்குகிறது. வேறு பிடிமானம் இல்லை. மரை விட்டால் சக்கரம் விட்டது.

அந்த மரைக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார்கள். கிரீஸ் அல்ல, எண்ணெய். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில். ட்ரனியனில் இருக்கும் சிறு திருகு மூடியைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைப் போட்டு, ஆயில் நிரப்பிய கன்னால் மேலே கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். 6000 மைலுக்கு ஒருமுறை என்பது கையேட்டுக் கணக்கு. கால் மணி நேர வேலை. டீக்கடையில் ஒரு செய்தித்தாளைப் படித்து முடிக்கும் நேரம்.

நம் பட்டறைகளில் என்ன நடந்தது? நிப்பிளைக் கண்டால் கை தானாகக் கிரீஸ் கன்னுக்குப் போகும். மோரிஸ் மைனரிலும் இதே மாதிரி மரைதான், ஆனால் அதற்குக் கிரீஸே விதி. ஒரு வண்டியின் விதியை இன்னொரு வண்டிக்குப் போட்டோம். ஹெரால்டில் வைத்த கிரீஸ் நாளடைவில் இறுகும். இறுகிய கிரீஸ் வழியை அடைக்கும். அடைத்த வழியில் புது எண்ணெயும் போகாது, உள்ளே புகுந்த மழைத் தண்ணீரும் வெளியே வராது. பித்தளைக்குத் துருப் பிடிக்காது. எஃகுத் தண்டுக்குப் பிடிக்கும். வெளியே தெரியாத இடத்தில், மரையின் அடிவாரத்தில், துரு ஊசிமுனைப் பள்ளங்களாக அரிக்கும். அந்தப் பள்ளம் ஒன்றிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல் கிளம்பும். பிறகு ஒருநாள், வீட்டு வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறியும் என்று பழைய ஹெரால்டு ஆட்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். திண்டிவனம் தாண்டி நாலுவழிச் சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது அது மடங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஹெரால்டு என்றால் பின்சக்கரத்தைப் பற்றித்தான் ஊர் பேசும். பின் வில்பட்டை தளர்ந்தால் வண்டி கால் பரப்பி நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும், பார்க்க அசிங்கம், ஆகவே உடனே சரி செய்துவிடுவார்கள். அசிங்கமாகத் தெரிகிற குற்றத்துக்கு உடனே வைத்தியம், ஒளிந்திருக்கிற குற்றத்துக்கு ஒத்திவைப்பு. வண்டியில் மட்டுமா இப்படி நடக்கிறோம்?

எஃகு எப்படி முறிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த பிறகு தள்ளிப்போட மனம் வராது. ஒரு கம்பியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் வளையுங்கள். முதல் தடவை முறியாது, பத்தாவது தடவையும் முறியாது; வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு தடவை சட்டென்று கையோடு வரும். கடைசி வளைவு முறித்தது என்று சொல்வோம். உண்மையில் ஒவ்வொரு வளைவும் முறித்தது. சக்கரம் ஒரு வேகத்தடையில் ஏறும்போதும் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டப் ஆக்சிலுக்கு அப்படி ஒரு வளைவு எழுதப்படுகிறது. அந்தப் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1842 மே 8 அன்று, வெர்சாய் அரண்மனைத் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வந்தது. மெடோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் முன் எஞ்சினின் அச்சு ஒன்று முறிந்தது. பின்னால் வந்த எஞ்சினும் பெட்டிகளும் அதன் மேல் ஏறிக் குவிந்தன, தீப்பிடித்தது, பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பூமியின் தென்கோடிப் பனிக்கடல் வரை கப்பலோட்டிப் பத்திரமாகத் திரும்பிய கடற்படைத் தளபதி துமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அந்த விபத்தில் மாண்டார். பனிப்பாறைக்குத் தப்பியவர் ஓர் அச்சுக்குத் தப்பவில்லை. அடுத்த வருஷம் ராங்கின் என்ற இளம் ஸ்காட்லாந்துப் பொறியாளர் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து எழுதினார்: அச்சு திடீரென்று முறிவதில்லை, தடித்த பாகமும் மெலிந்த பாகமும் சேரும் மூலையில் விரிசல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மிச்சமிருக்கும் இரும்பு தாங்காதபோதுதான் முறிகிறது. ஆகவே ‘திடீரென்று நடந்துவிட்டது’ என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அச்சுக்குத் திடீர் கிடையாது.

பட்டறைக்காரர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கைத்திறமையை நான் அறிவேன். கிடைக்காத சாமானுக்கு மாற்றுச் செய்து, நின்ற வண்டியை ஓட வைக்கிற உங்கள் திறமைக்கு ஈடில்லை. ஆனால் திறமையைக் காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. பேரிங் இறுகி, அதன் உள்வளையம் ஸ்டப் ஆக்சிலின் மேலேயே சுற்றி, ஆக்சிலைத் தேய்த்திருக்கும். ‘தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்து லேத்தில் கடைந்து கொடுத்துவிடலாம், புதிது போல ஆகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். புதிது போல ஆகாது. அது அடித்து உருவாக்கி, சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் பார்த்த எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கிறது. லேத் கத்தி, அடிமூலையில் இருந்த வளைவான குழிவைக் கூர்மையாக வெட்டிவிட்டால், ராங்கின் சொன்ன விரிசலுக்கு நீங்களே பிள்ளையார் சுழி போட்டுக் கொடுக்கிறீர்கள். சூட்டில் நீலம் பாரித்த ஆக்சிலை எடுத்து வையுங்கள், திரும்பப் பூட்டாதீர்கள். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்திப் பூட்டாதீர்கள். ஒருமுறை கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பச் செருகாதீர்கள். புதுப் பின் ஒரு டீயின் விலைகூட வராது. ஆணிக்குப் பதில் கம்பியை முறுக்கிவிட்டு அனுப்புகிறவரே, அந்த வண்டியில் உங்கள் மகள் ஏறுவாளானால் அனுப்புவீர்களா? ஏறுகிறவள் ஒருவருடைய மகள்தான்.

சொந்தக்காரர்களே, பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. வெல்டு வைக்கச் சொன்னது யார்? ‘எவ்வளவு குறைவாக முடியும்’ என்று கேட்டது யார்? ‘சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும், கல்யாணத்துக்குப் போக வேண்டும்’ என்று நெருக்கியது யார்? சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிச் சாமான் கடைகளில் பழைய ஸ்டப் ஆக்சில் கிடைக்கும், வாங்கலாம். ஆனால் அது எந்த விபத்து வண்டியில் இருந்து வந்தது என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. வாங்கியதை நேரே பூட்டாமல் விரிசல் பார்க்கக் கொடுங்கள். சுத்தமாகக் கழுவி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வந்து நிற்கும். கோடு கண்டால் அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். பாதி விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? தெரியாது என்ற சாக்கையும் எடுத்துவிடுகிறேன். சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை நீட்ட வேண்டாம். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். லேசான நெகிழ்வு இருக்கலாம். ‘டக் டக்’ என்று அடித்தால் நோய் இருக்கிறது. இப்போது ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில். பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லையானால் குற்றம் அதற்கும் உள்ளே: ட்ரனியனில், பந்து மூட்டில், கிங் பின் என்ற முளையில் சக்கரம் திரும்புகிற வண்டியானால் அந்தக் கிங் பின்னில். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதைக் கொடுங்கள். கரகரவென்று அரைத்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கிறதா, திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வராமல் அடம்பிடிக்கிறதா, டயர் ஒரு ஓரமாகவே தேய்கிறதா, ஓடி வந்து நின்றதும் ஒரு பக்க ஹப் மட்டும் கையைச் சுடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அறிவிப்பு. இரண்டு இருந்தால் எச்சரிக்கை. மூன்று இருந்தும் ஓட்டினால் அதற்குப் பெயர் துணிச்சல் அல்ல.

ஹெரால்டுக்காரர்கள் இன்னொரு படி போக வேண்டும். ஆட்டிப் பார்த்தால் மட்டும் துருப் பள்ளம் தெரியாது. ட்ரனியனை ஒருமுறை முழுவதும் திருகிக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மரையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மழமழவென்று இருந்தால் எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுங்கள். சொறி விழுந்திருந்தால் தண்டை மாற்றுங்கள். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசை, கலந்துவிடாதீர்கள். ஹப்பைப் பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு முகம் அளவுக்குத் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். கூம்பு பேரிங்கை முரட்டுத்தனமாக இறுக்கினால் அது வெந்து போகும். எல்லா வண்டிக்கும் இந்தத் தளர்த்தும் கணக்குப் பொருந்தாது. சில வண்டிகளில் முழுவதும் இறுக்கச் சொல்லியிருக்கும். அந்தந்த வண்டிக்கு அந்தந்தக் கையேடே சாஸ்திரம்.

‘என்னுடையது புது வண்டி, எனக்கு ஏன் இந்தப் பேச்சு?’ என்று நழுவுகிறவர்களையும் விடுவதாக இல்லை. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் முன்சக்கரம் இழுக்கிறது. அங்கே நக்கிள் என்ற வார்ப்புக்குள் மூடிய பேரிங் இருக்கிறது. எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். அந்த வண்டிகளிலும் பின்சக்கரம் பலவற்றில் ஒரு குட்டை அச்சின் மேல்தான் சுற்றுகிறது. வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்து, வளைவில் அது கூடிக் குறைகிறது என்றால் பேரிங் உங்களைக் கூப்பிடுகிறது. நீங்களோ பாட்டின் சத்தத்தைக் கூட்டிவைத்து அதை அமுக்குகிறீர்கள். டிராக்டர் வைத்திருப்பவர்களே, சேற்றில் முக்கி எடுத்த முன் ஆக்சிலுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்? அதே டிராக்டர் இழுக்கிற டிரெய்லரில்தான் நாற்று நடப் போகிற பெண்களை ஏற்றுகிறீர்கள்.

பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டுகிறோம். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டுகிறோம். முத்திரை விழுந்துவிட்டால் மனச்சாட்சியும் ஐந்து வருஷத்துக்குத் தூங்கப் போய்விடுகிறது. அந்த முத்திரை அந்த நாளுக்கு உரியது. நேற்று வந்த வெள்ளத்தில் ஹப் மூழ்கி நின்றதை அது அறியாது. தண்ணீரில் மூழ்கிய ஹப்பில் கிரீஸ் பாலாகிவிட்டிருக்கும். அதைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்காமல் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் பேரிங்கைச் சாகடிக்கிற நாள்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது பழமொழி. சாலையிலோ விதைத்தவர் ஒருவராகவும் முதலில் அறுக்கிறவர் வேறு ஒருவராகவும் போய்விடுகிறார்கள். எண்ணெய் விடாதவர் காருக்குள் இருக்கிறார். எதிரே பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளை ஒரு பாவமும் அறியாது. ஆகவே இது உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்று பேச இடமில்லை. சாலை பொது. அதில் ஓடுகிற ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஊர் முழுவதும் பிணை. பக்கத்து வீட்டு வண்டியின் சக்கரம் கோணலாக ஓடுவதைக் கண்டும் ‘நமக்கேன் வம்பு’ என்று போனவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். வாடகை வண்டியில் ‘கடகட’ சத்தம் கேட்டும் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூங்கிப்போன பயணியும் இருக்கிறார். அவர்களோடு நானும் இருக்கிறேன். அதனால்தான் இத்தனை உரத்துப் பேசுகிறேன்.

ஆயுத பூஜை வருகிறது. வண்டியைக் கழுவுவோம், சந்தனம் குங்குமம் வைப்போம், மாலை போடுவோம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பூஜைக்கு முந்திய வாரமே அந்தச் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். எந்த ஆயுதத்துக்குப் பூஜை செய்கிறோமோ அதற்கு முதல் உபசாரம் எண்ணெயாக இருக்கட்டும். தெருவில் நான்கு வண்டி இருந்தால் நான்கு பேரும் சேர்ந்து ஒரே நாளில் பாருங்கள். ஒருவர் பிரேக் மிதிக்க, ஒருவர் ஆட்ட, வளர்ந்த பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். ஸ்டாண்டு ஒருவரிடம் இருந்தால் ஊருக்கே போதும். நாளைக்கு என்று சொல்லாதீர்கள், நாளைக்கு மழை. தீபாவளி கழித்து என்று சொல்லாதீர்கள். தீபாவளிக்குத்தானே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறீர்கள்? காசு சேரட்டும் என்று சொல்லாதீர்கள். எண்ணெய்க்கும் ஸ்பிளிட் பின்னுக்கும் ஆகிற காசு இன்றைக்கே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருக்கக் கண்டவர்கள், அந்த வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள். மெதுவாகத்தானே போகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒடித்துத் திருப்பும் தெருமுனைகள் பட்டறைக்குப் போகிற வழியிலும் இருக்கின்றன. மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது வண்டியை மேடை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். சாவியைக் கழற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டி, சக்கரம் சரியாகும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லுங்கள். விற்பதற்குப் பேசி முடித்திருந்தால், வாங்குகிறவர் முன்பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.